கட்டிலுக்கு அடியில் குளம்

ஜூலை 8, செவ்வாய்

விடியற்காலையிலிருந்து மழை. சந்தில் கணுக்கால் அளவு தண்ணீர். செடித் தொட்டிகளை வெளியே எடுக்கவில்லை.

மற்ற நாளில் எட்டு மணிக்கு ஒவ்வொன்றாகத் தூக்கி வாசலில் வைப்பேன். பம்பாய் லேபர் கேம்ப்பில் எங்கள் சந்துக்கு வெயில் பத்து மணி வரைதான். அப்புறம் எதிர் வீட்டு மாடி மறைத்துவிடும். உடனே எல்லாம் உள்ளே. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டி வருவது மாதிரி. பெல்ட் தைத்த பட்டறை மூடிப்போய், கண்ணும் மங்கின பிறகு எனக்கு இதுதான் உத்தியோகம். என் வீட்டுக்காரி சொர்ணம் ஏழரைக்கே மாட்டுங்காவில் மாமி வீட்டுச் சமையலுக்குப் போய்விடுவாள். அப்புறம் வீட்டில் நானும் செடிகளும்.

இருப்பு:
மணிபிளான்ட், பாட்டிலில் நாலு. ஒன்று காலண்டரைச் சுற்றிவிட்டது. தேதி கிழிக்க இலையை விலக்க வேண்டும்.
துளசி. கற்பூரவல்லி (பாதிச் சந்தின் இருமலுக்கு இலை இதிலிருந்துதான்).
கற்றாழை. பாம்புச் செடி.
ரோஜா, பூக்காதது.
நீல டிரம்மைப் பாதியாக அறுத்த தொட்டியில் அல்லி.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு முனிசிபாலிட்டிக்காரர். புகை அடிக்கிறவர்கள் இல்லை, அது வேறு கூட்டம். இவர் வீடு வீடாகத் தண்ணீர் நிற்கிற இடத்தைப் பார்க்கிறவர். மழைக்கோட்டு, டார்ச், நீளக் காம்பு வைத்த ஒரு கரண்டி. வாசலில் நின்று மராத்தியில், "அளீ ஆஹே கா?" என்றார்.

எனக்குக் காதில் விழுந்தது அல்லி. இந்தப் பம்பாயில் ஒரு சர்க்கார் ஆள் வந்து அல்லி இருக்கிறதா என்று கேட்பது இதுதான் முதல் தடவை. சந்தோஷம்.

"ஹே, ஹே. அச்சாவாலா ஹே," என்றேன். இருக்கு, நல்லதாகவே இருக்கு என்று. என் இந்தி பட்டறை இந்தி. மராத்தி சுத்தமாக வராது.

"கித்னே தின் சே?" எத்தனை நாளாக என்று கேட்கிறார்.

"சார் மஹினா." நாலு மாதம்.

மேலும் கீழும் பார்த்தார். வந்தவரிடம் நாலு நல்ல வார்த்தை பேசாமல் அனுப்பக்கூடாது என்று நினைத்து, "ஆப்கோ சாஹியே தோ ஏக் லே ஜாவ். கர் மே ரக்கோ," என்றேன். வேண்டுமானால் ஒன்று கொண்டுபோங்கள், வீட்டில் வையுங்கள் என்று. மனதாரத்தான் சொன்னேன்.

"மஸ்கரி கர்தா ஹே கியா, அண்ணா?" என்றார். கேலி பண்ணுகிறாயா என்று.

அப்புறம் அவர் முகம் மாறிவிட்டது. தொட்டிக்கு அடியில் வைத்த தட்டுகளில் கரண்டியை விட்டார். பாட்டில்களில் டார்ச் அடித்தார். கரண்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினார். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அல்லித் தொட்டியிலும் கரண்டி. ஒரு சீட்டு எழுதிக் கதவில் ஒட்டினார். போகும்போது நீளமாக ஏதோ சொன்னார். நான் சீட்டையே பார்த்துக்கொண்டு "ஹா, ஹா" என்று ஆமாம் போட்டேன்.

பெல்ட் பட்டறைக் கதவில் ஒரு நாள் காலையில் இப்படித்தான் ஒரு காகிதம். மராத்தி படிக்கத் தெரிந்தவன் எங்களில் ஒருவனும் இல்லை. ஏதோ விளம்பரம் என்று உள்ளே போய் வேலை பார்த்தோம். பதினோரு மணிக்கு டீ குடிக்க வெளியே வந்தோம். திரும்பிப் போனால் பூட்டு, சீல். என் தூக்குச்சட்டி உள்ளே. சாளை மீன் குழம்பு. வேலை போனதைவிட அந்தக் குழம்பு உள்ளே கிடந்து என்ன ஆகியிருக்கும் என்பதைத்தான் பல நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீட்டைப் படிக்கப் பக்கத்து வீட்டுக் கஸ்தூரியைக் கூப்பிட்டேன். இங்கேயே பிறந்து, மராத்தி படித்த பிள்ளை. வயிற்றில் ஏழு மாதம். மெதுவாக வந்தாள்.

"அவரு என்ன அண்ணாச்சி கேட்டாரு?"

"அல்லி இருக்கான்னு கேட்டாரு. இருக்குன்னேன்."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர். "அளீன்னா புழு அண்ணாச்சி. கொசுப் புழு. நாலு மாசமா புழு வளக்கேன், உங்க வீட்டுக்கும் ஒன்னு கொண்டு போங்கன்னுல்லா சொல்லியிருக்கிய."

பிறகு சீட்டைப் படித்தாள். "ஏழு நாளைக்குள்ள தேங்குன தண்ணி எல்லாத்தையும் கொட்டணுமாம். மறுபடி வந்து பாப்பாவளாம். இருந்தா கேஸாம்."

"அல்லியையுமா?"

"தண்ணி நிக்கிற தொட்டின்னு எழுதியிருக்கு. பாவம்லா. கொட்டிருங்க அண்ணாச்சி, எதுக்கு வம்பு."

கேஸ். அந்தச் சொல்லிலிருந்து சோறு இறங்கவில்லை.

ஜூலை 9, புதன்

தட்டுகளை எல்லாம் கவிழ்த்தாயிற்று. மணிபிளான்ட் பாட்டில்களில் தண்ணீரைக் கொட்டி மண் போட்டேன். பாட்டில் தண்ணீரை மாற்றினால் வீட்டில் துட்டு தங்காது என்று சொர்ணம் (சுருக்கமாக சொ.) இத்தனை நாள் மாற்ற விடவில்லை. நான்கும் பச்சைப் பாசி. மாற்றாமலும் ஒன்றும் தங்கவில்லை என்றேன். சிரிக்கவில்லை.

அல்லித் தொட்டி முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

அது மாமி வீட்டு பால்கனியில் இருந்தது. பில்டிங் ரிப்பேர் என்று பால்கனியைக் காலி செய்யச் சொன்னார்கள். மாமி, "எடுத்துண்டு போங்கோ, இங்க சிமெண்ட் கொட்டிக் கொன்னுடுவா," என்றாள். கிழங்கை ஈரச் சாக்கில் சுற்றிக் கையில் பிடித்தேன். தொட்டியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டேன். வெயில் நாள். மாட்டுங்கா பாலத்தில் ஒரு டீக்காரன், "அண்ணா, சாத்தா நஹி மிலா கியா?" என்றான். குடை கிடைக்கவில்லையா என்று. தொட்டிக்குள்ளிருந்து நான் பதில் சொன்னது எனக்கே எதிரொலித்தது.

நாலு மாதத்தில் ஒரே பூ. மே மாதம். வெள்ளை. காலையில் விரிந்து மத்தியானம் மூடியது. கஸ்தூரி அதன் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். மூன்று நாள். நாலாம் நாள் பூ தண்ணீருக்குள் போய்விட்டது.

கொட்ட முடியவில்லை. கட்டிலுக்கு நாலு காலிலும் மழைத் தண்ணீருக்காகச் செங்கல் வைத்திருக்கிறோம். கீழே நல்ல இடம். தொட்டியைத் தள்ளி வைத்தேன். பாதித் தண்ணீர் தரையில் சிந்தியது. அதைத் துடைத்தேன்.

சாயங்காலம் கஸ்தூரி வாசலில் நின்று கேட்டாள். "கொட்டியாச்சா அண்ணாச்சி?"

"கொட்டியாச்சு."

"செடிய?"

"தூரப் போட்டாச்சு."

"ப்ச்," என்று போனாள்.

ஜூலை 13, ஞாயிறு

சொ. வீட்டைப் பெருக்கும்போது துடைப்பம் தொட்டியில் இடித்தது. "எல்லாரும் கட்டிலுக்கு அடியில பெட்டி வைப்பாவ. எம் புருசன் குளம் வச்சிருக்காரு."

"செவ்வாய்க்கிழமை அந்த ஆளு வந்துட்டுப் போகட்டும். அப்புறம் வெளிய வச்சிருவேன்."

"வெளிய வச்சா மறுபடி வருவான். மறுபடி உள்ள வைப்பிய. சாகுற வரைக்கும் இழுத்து இழுத்து விளையாடுங்க."

சொன்னாளே தவிர, கட்டில் ஓரத்தில் தன் பழைய நீலச் சேலையை மடித்துத் தொங்கவிட்டாள். தரை வரைக்கும் மறைத்தது.

பாம்புச் செடி இலைகளை ஈரத் துணியால் துடைத்தேன். துடைத்ததும் முகம் கழுவிய மாதிரி ஒரு தெளிவு அதற்கு. இந்தச் சந்தில் ஆளுக்குப் பத்தடி. அந்தப் பத்தடியில் நம்முடையது ஒன்று நாம் தூங்கும்போதும் வளர்கிறது. இதை சொ.விடம் சொன்னேன். "தொந்தி," என்றாள்.

ஜூலை 15, செவ்வாய்

வந்தார். காலையிலிருந்து வேட்டி மூன்று தடவை மாற்றினேன், வியர்வை. தட்டுகளைப் பார்த்தார். பாட்டிலில் மண். துளசியைத் தொட்டுக் கும்பிட்டார். நான் கட்டிலில் உட்கார்ந்து காலை ஆட்டாமல் வைத்திருந்தேன். கால் தானாக ஆடியது.

"பானி வாலா டப்?" அந்தத் தண்ணீர்த் தொட்டி எங்கே.

"ஃபேக் தியா." எறிந்துவிட்டேன்.

அவர் "அரே" என்று ஏதோ சொல்ல வாயெடுத்தார். பக்கத்துச் சந்தில் யாரோ கூப்பிட்டார்கள். கதவிலிருந்த சீட்டைக் கிழித்துவிட்டுப் போய்விட்டார்.

ஜெயித்த மாதிரி ஒரு நிமிஷம். அப்புறம் பழையபடி. வெளியே எடுத்து வைக்கவும் பயம். கொட்டிவிட்டேன் என்று கஸ்தூரியிடம் சொன்னதை எப்படி மாற்றுவது.

ஜூலை 20, ஞாயிறு

மழை விட்டுவிட்டு. சேலையை விலக்கிப் பார்த்தேன். இலை மூன்றும் மஞ்சள். வெளிச்சம் இல்லை. நாளைக்கு ஏதாவது செய்ய வேண்டும்.

பகலிலேயே கொசு. சொ.வின் முழங்கையில் நாலு தடிப்பு. "உங்க பிள்ளைங்க கடிக்கி," என்றாள்.

ஜூலை 24, வியாழன்

கஸ்தூரிக்குக் காய்ச்சல்.

அவள் வீட்டுக்காரன் துரை குர்லாவில் துணி கட்டிங் வேலை. இன்றைக்கு லீவு போட்டிருக்கிறான். கற்பூரவல்லி இலை கேட்டு வந்தான். பத்து இலை கொடுத்தேன். "கண்ணுக்குப் பின்னால வலிக்குங்கா அண்ணாச்சி. வெளிச்சத்தப் பாக்க மாட்டேங்கா."

மழைக்காலக் காய்ச்சல் என்றேன். எனக்கும் வரும், ரெண்டு நாளில் போய்விடும் என்றேன். அவனுக்குச் சொன்னேனா எனக்கா தெரியவில்லை.

ஜூலை 26, சனி

ரத்த டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டது. துரை சந்து முனையிலேயே சொன்னான். "டெங்கு, அண்ணாச்சி."

புதுச் சொல் இல்லை. ஆனாலும் இன்றைக்கு எனக்குக் காதில் விழுந்தது தேங்கு என்று. தேங்குன தண்ணி. அவள் படித்துச் சொன்னது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினேன். சேலையைத் தூக்கி டார்ச் அடித்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தரையில் படுத்துப் பார்த்தேன். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் வெளிச்சம் பட்ட இடத்தில் தண்ணீர் நடுங்கியது. சின்னச் சின்னதாக, நூல் துண்டு மாதிரி, தலைகீழாகத் தொங்கிக்கொண்டு. டார்ச்சை ஆட்டினால் நெளிந்து கீழே போயின. திரும்ப மேலே வந்தன. எண்ண முடியாது.

கை விரலில் நாள் எண்ணினேன். ஒன்பதாம் தேதியிலிருந்து இருபத்துநாலு வரை. பதினைந்து. எண்ணி என்ன. எனக்கு ஒரு புழு எத்தனை நாளில் கொசுவாகும் என்று தெரியாது.

எங்களை நாலு இடத்தில் கடித்திருக்கிறது. எங்களுக்கு ஒன்றும் இல்லை. அவளுக்கு ஏன்.

சொ. வந்ததும் சொன்னேன். செருப்பைக் கழற்றாமலேயே குனிந்து பார்த்தாள். வாசல் கதவை மறுபடி சாத்தினாள். ஒரு வார்த்தை திட்டவில்லை.

ஜூலை 27, ஞாயிறு

ஐந்து மணிக்கு எழுந்தோம். தண்ணீரை அப்படியே கால்வாயில் விட்டால் புழு வேறு எங்காவது போய் வளரும். பழைய வேட்டியை நாலாக மடித்து வாளி மேல் கட்டினேன். சொ. கிண்ணத்தால் மொண்டு மொண்டு ஊற்றினாள். புழு வேட்டியில் தங்கியது. அதன்மேல் மண்ணெண்ணெய்.

கிழங்கைக் கையில் எடுத்தேன். அடியில் ஒரு புதுக் குருத்து, சுருட்டின பீடி மாதிரி. வேட்டியோடு சேர்த்துச் சுருட்டிக் குப்பை மேட்டில் போட்டேன். தொட்டியையும்.

திரும்பும்போது துரை எதிரே. கஸ்தூரியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தான். அவளுக்கு ஈறில் ரத்தம் வருகிறதாம். பெரிய ஆஸ்பத்திரிக்கு. என் கையெல்லாம் மண்ணெண்ணெய் வாடை. கஸ்தூரி என்னைப் பார்த்துச் சிரிக்க முயற்சி பண்ணினாள். பல் ஓரம் சிவப்பு.

ஜூலை 28, திங்கள்

துரை போனில். பிளேட்லெட் இறங்குகிறதாம். காலையில் ஒரு கணக்கு, மத்தியானம் அதைவிடக் கம்மி. குழந்தை பற்றிக் கேட்டேன். "பாப்போம்ங்காவ," என்றான்.

பாப்போம் என்பது எனக்குப் பிடிக்காத சொல்.

செடி எதையும் தொடவில்லை. துளசி வாடிவிட்டது. தண்ணீர் விட்டேன். விட்டதும் தட்டில் வடிகிறதா என்று விரலை வைத்துத் தடவினேன். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி தடவினேன். மணிபிளான்ட் மண்ணைக் கிளறினேன். கற்றாழை இலை இடுக்கில் ஒரு சொட்டு நின்றது, துணியால் ஒற்றி எடுத்தேன். சொ. பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எல்லாத்தையும் தூரப் போட்டா நிம்மதியா இருப்பியளா?"

"தெரியல."

"அப்போ விடுங்க."

ஜூலை 30, புதன்

முனிசிபாலிட்டிக்காரர். சந்தில் டெங்கு வந்தால் பக்கத்து வீடுகளைப் பார்க்க வேண்டுமாம். இந்தத் தடவை கட்டிலுக்கு அடியிலும் டார்ச். செங்கலும் ஒரு பெட்டியும்தான்.

கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதில் தண்ணீர், உள்ளே விரல்நகம் அளவு மீன்கள், பத்துப் பதினைந்து.

"உஸ் தின் போலா தா நா," என்றார். அன்றைக்கே சொன்னேனே. பிறகு பட்டறை இந்தியில் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். பூச்செடி வைத்த தொட்டியைக் கொட்ட வேண்டாம். சும்மா தருகிறோம், இந்த கப்பி மீனை விட்டால் போதும், புழுவைத் தின்றுவிடும். மற்றதைத்தான் கொட்டச் சொன்னது. "தும் ஹா ஹா போலா." நீதான் ஹா ஹா என்றாய்.

போகும்போது சொன்னதே அதுதான். நான் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கொசு எவ்வளவு தூரம் பறக்கும் என்று கேட்டேன். "ஜ்யாதா நஹி. இதர் உதர், ஆஜுபாஜு." ரொம்ப இல்லை, அக்கம்பக்கம்தான். பகலில்தான் கடிக்கும் என்றார்.

அக்கம்பக்கம்.

அவர் எதிர் வீட்டு மாடியில் தண்ணீர் டாங்க், கீழே கிடந்த டயர், இரண்டிலும் புழு கண்டுபிடித்தார். அதைக் கேட்டு ஒரு நிமிஷம் மூச்சு வந்தது. இன்னொருத்தன் தொட்டியில் புழு இருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். எழுதி வைக்கிறேன், இதுவும் நடந்தது.

சாயங்காலம் சொ.விடம் துரையிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன்.

"சொன்னா அந்தப் பிள்ளைக்குச் சொகமாயிருமா?"

"ஆகாது."

"அந்த டயர்லருந்து வந்திருக்கும்."

"வந்திருக்கும்."

"அவ நல்லபடியா வரட்டும். அப்புறம் சொல்லுங்க. இப்போ சொல்லி, நாளைக்கு ஒன்னுகெடக்க ஒன்னு ஆச்சுன்னா அவன் நம்மள இந்தச் சந்துல இருக்க விடுவானா?" கொஞ்ச நேரம் அரிசியில் கல் பொறுக்கினாள். "ஒளிச்சது நீங்க. சேலையத் தொங்கவிட்டது நான்."

அவள் பயந்து நான் பார்த்தது குறைவு. இன்றைக்குக் கல் பொறுக்கின அரிசியையே திரும்பப் பொறுக்கினாள்.

ஜூலை 31, வியாழன்

ஆஸ்பத்திரி. நடந்தே போனேன். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடும்.

துரை வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில். மூன்று நாள் தாடி. வடாபாவ் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், எனக்குப் பாதி பிய்த்துக் கொடுத்தான். வாங்கி மடியில் வைத்தேன்.

கணக்கு இன்னும் இறங்குகிறது. நேற்று வாந்தி. "சும்மா கெடக்கா அண்ணாச்சி. கூப்பிட்டா கண்ணத் தொறக்கா. அப்புறம் மூடிக்கிடுதா."

"துரை, ஒன்னு சொல்லணும்டே."

சொன்னேன். முதலிலிருந்து. சீட்டு, தொட்டி, கட்டில், சேலை, டார்ச். என் வழக்கப்படி சுற்றி வளைத்து. தலையில் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டு வந்தது வரைக்கும் சொல்ல ஆரம்பித்துவிட்டேன், பயத்தில்.

"கொட்டியாச்சுன்னு சொன்னியளே."

"பொய் சொன்னேன்."

ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சருக்கு வழி விடப் பெஞ்சைப் பின்னால் இழுத்தோம், அவன் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மறுபடி உட்கார்ந்தோம். அவன் வடாபாவ் காகிதத்தை மடித்தான். இன்னும் மடித்தான். தீப்பெட்டி அளவு ஆகும்வரை. அடிக்கப் போகிறான் என்று நினைத்து மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தேன்.

"அண்ணாச்சி, உங்க ரத்தம் என்ன குரூப்பு?"

"தெரியாதுடே. யாரும் கேட்டதில்ல."

"காலைல எட்டு மணிக்கு வாங்க. ரெண்டு ஆளு ரத்தம் குடுக்கணும்ங்காவ. ஒரு ஆளு கெடச்சிட்டு."

எழுந்து உள்ளே போய்விட்டான். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

ஓ பாசிட்டிவ். ஐம்பத்தேழு வயதில் தெரிந்துகொண்டேன்.

பெல்ட் ஊசி எத்தனையோ தடவை விரலில் ஏறி இறங்கியிருக்கிறது. அதற்கெல்லாம் பயந்ததில்லை. இன்றைக்கு நர்ஸ் கையைத் தட்டும்போது பல் கிட்டியது. ரத்தம் குழாயில் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இதில் ஏதாவது இருந்துவிடுமோ என்று ஒரு யோசனை. என்னிடமிருந்து போகிற எதையும் நம்ப முடியவில்லை. நர்ஸிடம் கேட்டேன். எல்லாம் டெஸ்ட் பண்ணித்தான் ஏற்றுவோம் என்றாள்.

வெளியே துரை டீ வாங்கி வைத்திருந்தான். பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு குடித்தேன்.

"டாக்டர்கிட்ட கேட்டேன்," என்றான். "யாரு வீட்டுத் தண்ணின்னு யாராலயும் சொல்ல முடியாதாம்."

"ம்."

"நான் அவகிட்ட சொல்ல மாட்டேன். நீங்கதான் சொல்லணும்."

"எப்போ?"

"அவ எந்திச்சு உக்காரட்டும்."

ஆகஸ்ட் 3, ஞாயிறு

கணக்கு இறங்கவில்லை. ஏறவும் இல்லை. அங்கேயே நிற்கிறது. சொ. அம்மன் கோயிலுக்குப் போனாள். நான் போகவில்லை. சாமி கேள்வி கேட்டால் பதில் இல்லை.

ஆகஸ்ட் 4, திங்கள்

ஏறுகிறது. துரை போனில் சொல்லும்போது குரல் உடைந்தது. குழந்தையின் நெஞ்சுத் துடிப்பை மெஷின் வைத்துக் கேட்டார்களாம். "குதிர ஓடுத மாதிரி கேக்கு அண்ணாச்சி."

சந்தோஷமும் வந்தது. கூடவே, அவள் எழுந்து உட்கார்ந்துவிடுவாள் என்ற பயமும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நாலு முதல் ஆறு வரை உள்ளே விடுவார்கள். சொ. கஞ்சி கொண்டுவந்தாள். கஸ்தூரி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையிலும் ஊசி போட்ட இடம் கருநீலம். முகம் பாதியாகிவிட்டது, வயிறு மட்டும் அப்படியே.

துரை எழுந்து தண்ணீர் பிடிக்கப் போனான். எனக்காகத்தான் போனான்.

இந்தத் தடவை சுற்றி வளைக்கவில்லை. நாலு வரியில் சொன்னேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. போர்வை ஓரத்தில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள்.

"கொட்டியாச்சான்னு நான் கேட்டேன்லா."

"கேட்ட."

"எதுக்குப் பொய் சொன்னிய?"

"பயந்துட்டேம்மா. கேஸுன்னு சொன்னியா, அதுக்கு ஒரு பயம். தூரப் போடவும் மனசில்ல."

"எங்கிட்ட சொல்லியிருந்தா அந்த ஆளு மறுபடி வந்தப்போ மராத்தில நான் கேட்டிருப்பேன். என்ன செய்யணும்னு அவரு சொல்லியிருப்பாரு." நூல் அறுந்தது. "சுவத்துக்கு இந்தப் பக்கம்தான அண்ணாச்சி இருந்தேன்."

மீன் விஷயத்தை நான் அவளிடம் சொல்லவே இல்லை. அவளாக அங்கே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

சொ. கஞ்சியை ஆற்றி ஸ்பூனில் நீட்டினாள். கஸ்தூரி வாங்கிக் குடித்தாள். நாலு ஸ்பூன். "போதும்க்கா," என்றாள். அப்புறம், சண்டை போடுகிற குரலில் இல்லை, களைத்துப் போன குரலில், "கொஞ்ச நாளைக்கு எங்கூடப் பேசாதிய அண்ணாச்சி," என்றாள்.

சரி என்று சொல்ல வாயெடுத்து, அதுவும் பேச்சாகிவிடும் என்று தலையை மட்டும் ஆட்டினேன்.

வரும் வழியில் சொ., "அக்கான்னு என்னயக் கூப்பிட்டா, பாத்தியளா," என்றாள். பார்த்தேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

வீட்டுக்கு வந்துவிட்டாள். ஆட்டோவிலிருந்து துரையும் சொ.வும் பிடித்து இறக்கினார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். செருப்புச் சத்தம், மூச்சு வாங்குகிற சத்தம், "மெதுவா, மெதுவா". அப்புறம் அவர்கள் கதவு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

மழை இல்லை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஃபேன் ஓடுகிறது. கஸ்தூரி துரையிடம் ஏதோ கேட்டாள், அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். பழைய சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. என் பேர் வருகிறதா என்று காதை வைத்துக் கேட்டேன். வரவில்லை.

எனக்கு இருமல் வந்தது. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று அன்றைக்கு நான் கேட்கவில்லை. இன்றைக்கு ஐந்தாம் நாள்.